14-ஆவது சீசனில் ஒரு கோப்பை, அதற்குப் பின்னால் ஒரு எக்செல் திருத்தம்

கோப்பை எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. ஃபேண்டஸி கால்பந்து லீக் கோப்பை: நிஜ அமெரிக்கக் கால்பந்து வீரர்களை டிராஃப்டில் சுற்றுச் சுற்றாக முறைவைத்து எடுத்துக் கற்பனை அணி அமைப்போம், அவர்கள் நிஜ ஆட்டத்தில் செய்வது எங்களுக்குப் புள்ளி. கொலுப் பொம்மைகளுக்கென்று வாங்கிய அலமாரியின் மேல்தட்டில், தசாவதார செட்டுக்குப் பக்கத்தில். நவராத்திரி வரைதான் அங்கே இடம் என்று வீட்டில் உத்தரவு. பரவாயில்லை. 2011-இல் தொடங்கி 2024 வரை 14 சீசன் காத்திருந்து வாங்கியது. 12 பேர் ஆடும் லீகில் ஆளுக்கு 12 வருடத்துக்கு ஒரு தடவையாவது வர வேண்டும்; எனக்கு இரண்டே வருடம் தாமதம் என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

இது நானாகத் தொடங்கிய அணி இல்லை. சின்சினாட்டியில் வேலைக்குச் சேர்ந்த வருடம், வேறு ஊருக்கு மாறிப்போன ஒருவர் விட்டுச்சென்றதை என் தலையில் கட்டினார்கள். கட்டும்போது உள்ளே பந்தோடு ஓடும் நட்சத்திரம் ஏட்ரியன் பீட்டர்சன் இருந்தார். அமெரிக்கக் கால்பந்தில் நான்கு டவுன் என்றால் என்னவென்றே அப்போதுதான் படித்துக்கொண்டிருந்தேன். அந்த 2011 டிசம்பர் 24 அன்று வாஷிங்டனுக்கு எதிரான ஆட்டத்தில் அவருக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. கோடை முழுக்க மருத்துவக் கட்டுரைகளாகப் படித்துத் தள்ளிவிட்டு, பெரிய மேதை மாதிரி டிராஃப்டில் ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்புக்கு அவரை விற்றேன். 2012-இல் அவர் ஓடியது 2,097 யார்டு. 1984-இல் எரிக் டிக்கர்சன் வைத்த 2,105-ஐத் தொட எட்டு யார்டுதான் பாக்கி. அந்த மூன்றாம் சுற்றில் நான் யாரை எடுத்தேன் என்பதைக் கேட்காதீர்கள்.

அதற்கப்புறம் விற்பதற்கே பயம். 2013 முதல் 2019 வரை என் அணியின் வரலாறு என்றால், ஒவ்வொருவரையும் ஒரு வருடம் கூடுதலாக வைத்திருந்த வரலாறுதான். அதை விவரிக்க எனக்கே சோம்பலாக இருக்கிறது.

2020-இல் முதல் தடவையாக இறுதிக்கு வந்தேன். அப்போதெல்லாம் எங்கள் இறுதி 16-ஆவது வாரம். அன்று கிறிஸ்துமஸ், வெள்ளிக்கிழமை. நண்பர் வீட்டில் பிரியாணிக்கு உட்கார்ந்திருந்தேன். எதிரணியில் ஆல்வின் கமாரா. பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டினால் டச் டவுன், ஆறு புள்ளி. முதல் டச் டவுனுக்கு வெங்காயப் பச்சடியைத் தள்ளி வைத்தேன், மூன்றாவதுக்குத் தட்டையே. மனிதர் ஆறு தடவை ஓடிப்போய்ப் போட்டார். 1929-இல் எர்னி நெவர்ஸ் செய்த சாதனைக்குச் சமம். டச் டவுனில் மட்டும் 36 புள்ளி. ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்கள் தொடங்கும் முன்பே என் சீசன் முடிந்துவிட்டது.

2022 சீசன் இறுதி வேறு மாதிரி. 2023 ஜனவரி 2, திங்கள் இரவு, எங்கள் ஊர் மைதானத்திலேயே சின்சினாட்டி பெங்கால்ஸும் பஃபலோ பில்ஸும். நான் நான்கு புள்ளி பின்னால், என் பக்கம் பெங்கால்ஸின் ஜமார் சேஸ் பாக்கி. முதல் கால்பகுதியிலேயே பில்ஸ் வீரர் டமார் ஹாம்லின் மைதானத்தில் இதயம் நின்று விழுந்தார். அந்த இரவில் புள்ளியைப் பற்றிப் பேச எங்கள் குழுவில் யாருக்கும் வாய் வரவில்லை. ஆட்டம் பிறகு ரத்தானது. பரிசுப் பணத்தை இருவரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். கோப்பையில் அந்த வருடத் தகடு இன்றுவரை வெறுமையாகத்தான் இருக்கிறது. ஹாம்லின் 2023-இலேயே திரும்ப வந்து ஆடினார். அந்தத் தகட்டில் எதையும் பொறிக்க வேண்டாம் என்று 12 பேரும் ஒரே குரலில் சொன்னோம். இந்த லீகில் 12 பேரும் ஒத்துப்போன ஒரே தீர்மானம் அது.

சரி, எக்செல்லுக்கு வருவோம். கீப்பர் என்றால், போன வருட ஆளை டிராஃப்டுக்கு விடாமல், அவர் விலையாக ஒரு சுற்றுத் தேர்வைச் செலவழித்து வைத்துக்கொள்வது. கீப்பர் லாபத்தை எல்லோரும் போடுவது போலத்தான் நானும் போட்டுக்கொண்டிருந்தேன்: வீரர்களை வரிசைப்படுத்தும் பொதுப் பட்டியலில் ஆள் எந்தச் சுற்று, நமக்கு அவர் எந்தச் சுற்று விலை, இரண்டுக்கும் உள்ள இடைவெளி லாபம். இது தப்பு. எங்கள் லீகில் ஆளுக்கு மூன்று கீப்பர். 36 பேர் டிராஃப்டுக்கு முன்பே சந்தையில் இல்லை. அதிலும் முக்கால்வாசிப் பேர் மேல்தட்டு ஆட்கள். மிச்சம் இருப்பவர்களின் விலை தானாக ஏறிவிடும்.

ஒருவர் பொதுப் பட்டியலில் 30-ஆவது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது மூன்றாம் சுற்று. அவருக்கு மேலே இருக்கும் 29 பேரில் 14 பேர் கீப்பர்கள் என்றால், சந்தையில் அவர் 16-ஆவது ஆள். ஆனால் 16-ஆவது தேர்விலேயே போய்விடுவார் என்றும் எழுதிவிட முடியாது. முதல் 16 தேர்வுகளில் இரண்டு, கீப்பர்களுக்காக ஏற்கெனவே செலவான இடங்கள். இரண்டைக் கூட்டினால் 18. புதிதாகச் சேர்ந்த 17, 18 இரண்டில் ஒன்று மறுபடி கீப்பர் இடம். இன்னொன்றைக் கூட்டினால் 19. 19 கீப்பர் இடம் இல்லை, நிறுத்து. ஆக, மூன்றாம் சுற்று ஆள் என்று நினைத்தவர் எங்கள் அறையில் இரண்டாம் சுற்று நடுவிலேயே போய்விடுவார்.

இந்த 'கூட்டு, மறுபடி எண்ணு, மறுபடி கூட்டு' வேலையை ஒரே சூத்திரத்தில் அடைக்கப் பார்த்து, சூத்திரம் தன்னையே சுட்டுகிறது என்று சுழல் பிழை காட்டிக் காட்டி மூன்று வாரம் போனது. கடைசியில் பக்கத்தில் பக்கத்தில் நான்கு நெடுவரிசை வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சுற்று எண்ண விட்டேன். பார்க்க அசிங்கம். ஆனால் நான்காவது வரிசையைத் தாண்டி எண் மாறியதே இல்லை.

இன்னொரு தலைவலி, மற்றவர்கள் யாரை வைக்கப்போகிறார்கள் என்பது கெடு முடிந்த பிறகுதான் தெரியும். அதனால் 11 பேருக்கும் நானே உட்கார்ந்து லாபக் கணக்குப் போட்டு ஊகிக்கிறேன். போன வருடம் 33-இல் 28 சரி. தப்பிய ஐந்தில் மூன்று ஒரே ஆளுடையது. அவர் எந்தக் கணக்கிலும் சிக்காத ஜாதகம்.

திருத்திய கணக்கு முதலில் காட்டிக்கொடுத்த ஆள், பந்தோடு ஓடும் சேக்வான் பார்க்லி. மதுரைக்கார அண்ணன் ஒருவர் 2022-இல் இரண்டாம் சுற்றில் எடுத்து வைத்திருந்தார். எங்கள் விதிப்படி அதற்கடுத்த மூன்று வருடம் வரை அதே விலை. எனக்கு 46 வயது, அவருக்கு இன்னும் நான் தம்பிதான். "தம்பி, நீயே வச்சுக்கோ. அவன் கணுக்காலைப் பார்த்துப் பார்த்து எனக்கு பிரஷர் ஏறுது" என்றார். பழைய கணக்கில் லாபம் கிட்டத்தட்ட பூஜ்யம். பொதுப் பட்டியலில் முதல் சுற்று முடிந்து இரண்டாவது தொடங்கும் இடம். என் நான்கு நெடுவரிசையோ முதல் சுற்றின் நடுப்பகுதி என்றது. ஆறாம் சுற்று வாய்ப்பைக் கொடுத்து வாங்கினேன். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்கு மாறிய முதல் வருடத்திலேயே 2,005 யார்டு. அதில் 167, எங்கள் இறுதி நடந்த 17-ஆவது வாரம் டல்லாஸுக்கு எதிராக வந்தது.

நடுவில் ஒரு புலம்பல். டிராஃப்ட் பலகைக்கு வீரர் பெயர் ஸ்டிக்கர் செட் வாங்குபவர்கள் வந்ததும் பிரித்து எண்ணிப் பாருங்கள். போன ஆண்டு எனக்கு வந்ததில் கிக்கர்கள் தாளே இல்லை. புதுமுகங்களில் பாதிப் பேருக்குக் கையால்தான் எழுதினோம். 1963-இல் ஓக்லாந்தில் ஃபேண்டஸி கால்பந்தின் முதல் டிராஃப்ட் நடத்தியவர்களுக்கு இதைவிடச் சௌகரியம் குறைவாக இருந்திருக்காது. இந்த வருடம் லேபிள் தாள் வாங்கி நானே அச்சடிப்பதாகத் திட்டம்: பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்குக்குப் பச்சை, பந்தைப் பிடிக்கும் ரிசீவருக்கு மஞ்சள். வீட்டுப் பிரிண்டரில் மஞ்சள் மை தீர்ந்துவிட்டது, அது வேறு. மகனும் அவன் பள்ளி நண்பர்களும் எட்டுப் பேர் லீக் ஒன்று தொடங்க வேண்டுமாம். அவர்களுக்கு முதல் வருடம் கீப்பரே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், கேட்கிற மாதிரி இல்லை.

2025 கீப்பர் பட்டியல் இன்னும் முடியவில்லை. பார்க்லிக்கு இது கடைசி வருடம், விலை அதே இரண்டாம் சுற்று. கணக்கு கண்ணை மூடிக்கொண்டு வைத்துக்கொள் என்கிறது. ஆனால் ஒரு சீசனில் 2,000 யார்டு ஓடிக் கடந்தவர்கள் இதுவரை ஒன்பது பேர். ஒருவர்கூட இரண்டாவது தடவை கடந்ததில்லை. 1998-இல் கடந்த டெரல் டேவிஸுக்கு அடுத்த வருடம் நான்காவது ஆட்டத்தில் முழங்கால் போனது. 2020-இல் கடந்த டெரிக் ஹென்றிக்கு அடுத்த வருடம் எட்டு ஆட்டத்தோடு பாதம் உடைந்தது. இதற்கு நெடுவரிசை எதுவும் நான் போடவில்லை. பீட்டர்சனை விற்றவன் இன்னொரு தடவை விற்பதா என்ற கேள்விக்கும் சூத்திரம் கிடையாது.

கெடு ஞாயிறு இரவு 9 மணி. நேற்று அண்ணனிடமிருந்து வாட்ஸ்அப்: "தம்பி, சேக்வானைத் திருப்பிக் குடு. நாலாம் சுற்றும் அடுத்த வருஷ முதல் சுற்றும் தர்றேன்." நீலக் குறி விழக் கூடாது என்று அறிவிப்பில் படித்ததோடு சரி, இன்னும் திறக்கவில்லை.