ஆச்சியின் காது வலியும் என் துணைத்தேர்வும்

துணைத்தேர்வு முடிவு செவ்வாய்க்கிழமை வந்தது. உடலியங்கியலில் தேறிவிட்டேன். முதல் முறை என்னைக் கவிழ்த்தது முகவலிப் பகுதிதான். அடுத்து எழுதப் போகிறவர்களுக்காகச் சூடு ஆறுமுன் எழுதுகிறேன்.

அப்போது, முகத்து வலிச் செய்தி மூளைத்தண்டில் போய்ச் சேரும் நரம்பணுத் தொகுதியின் மூன்று பகுதிகளின் பெயர்களை மட்டும் உருப்போட்டிருந்தேன். ஓராலிஸ், இன்டர்போலாரிஸ், காடாலிஸ் என்று தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பேன். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், வந்த கேள்வி: "காது வலி என்று ஒருவர் வருகிறார். காதில் ஒன்றுமில்லை. எங்கே பார்ப்பீர்கள்?" எனக்கு வாயே திறக்கவில்லை.

விடுமுறைக்கு வீரவநல்லூர் போனேன். ஆச்சி மூன்று நாளாகக் காதில் பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். சூடான காப்பி ஒரு வாய் இறங்கியதும் தம்ளரை வைத்துவிட்டு வலது காதைப் பொத்தினார். டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தேன். வலது கீழ்க் கடைவாய்ப்பல்லில் மிளகளவு கறுத்த குழி. மறுநாள் பல் மருத்துவர் கீழ்த்தாடையில் மரத்துப்போகும் ஊசி போட்டார். சில நிமிடங்களில், "ஐயா, காது வலி நின்றுவிட்டது" என்றார் ஆச்சி. காதை யாரும் தொடவில்லை!

அன்றிரவே அந்தப் பல்லிலிருந்து வரையத் தொடங்கினேன். பல்லின் உள்ளே இருக்கும் மென்மையான பற்கூழில் ஏ-டெல்டா என்ற நரம்பிழைகள் சுருக்கென்ற வலியையும், சி இழைகள் விண்விண்ணென்று தெறிக்கும் வலியையும் ஏந்திச் செல்கின்றன. முகத்தின் உணர்வுகளைக் கொண்டுபோகும் ட்ரைஜெமினல் நரம்பின் மூன்றாம் கிளை வழியாக மூளைத்தண்டில் நுழைந்து, முக்கியமாகக் காடாலிஸில் சேர்கின்றன. காடாலிஸ் கழுத்துத் தண்டுவடம் வரை இறங்கும். காதின் முன்புறத்துக்குப் போகும் நரம்பும் அதே மூன்றாம் கிளையின் பிள்ளை. மேல்கழுத்து நரம்புகளும் அங்கேதான் வருகின்றன. திருநெல்வேலி வேய்ந்தான்குளம் பேருந்து நிலைய வாசலில் நின்று பாருங்கள். வெளியே வருகிறவர் அம்பை பஸ்ஸில் வந்தாரா, நாகர்கோவில் பஸ்ஸில் வந்தாரா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பல இடத்துச் செய்தி ஒரே நரம்பணுவில் குவிவதால் மூளையும் இப்படித்தான் ஊரை மாற்றிச் சொல்கிறது. காடாலிஸிலிருந்து வலிச் செய்தி எதிர்ப்பக்கம் தாண்டி, மூளையின் நடுவே இருக்கும் தலாமஸுக்கும், பிறகு பெருமூளைப் புறணிக்கும் போகிறது.

தேர்வுக்குப் படிக்க எனக்கு உதவியவற்றின் பட்டியல்:

- ஒரே பல், ஒரே படம். தினமும் வெற்றுத்தாளில். நாற்பது நாள் வரைந்தேன். இதைவிட வேறெதுவும் எனக்கு உதவவில்லை.
- வலி பிறக்கும் இடம், வலி தெரியும் இடம்: இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள்.
- பல்லிலிருந்து தாவும் வலி பொதுவாக நடுக்கோட்டைத் தாண்டாது.
- மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள், 1965, வாயிற்கதவுக் கோட்பாடு: தொடு செய்தி வந்தால் தண்டுவடத்தில் வலிச் செய்திக்கான கதவு சாத்தப்படும் என்பது. தேய்த்துவிட்டால் வலி ஏன் குறைகிறது என்பதோடு சேர்த்து எழுதுங்கள்.
- மாரடைப்பு வலி கீழ்த்தாடையிலும் தெரியும். இதை விட்டுவிடாதீர்கள், தேர்வுக்காக மட்டும் சொல்லவில்லை.

கூட்டமாக உட்கார்ந்து படிப்பது எனக்கு ஒத்துவரவே இல்லை. கேட்டால் புரிந்த மாதிரி இருக்கும், பேனாவை எடுத்தால் கை நின்றுவிடும்.

இந்த முறை வைவாவில் கேட்டது தலைவலியும் கழுத்து வலியும் ஏன் சேர்ந்து வருகின்றன என்று. தாள் கேட்டு வாங்கி, காடாலிஸை இரண்டாம் மூன்றாம் கழுத்து நரம்பு வரை இறக்கி வரைந்தேன். தேர்வாளர் அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார்.