அம்மோனியா தாள்: கிளிசரின் அளவு ஒருவழியாகப் பிடிபட்டது

காவேரிப்பட்டணம் பக்கம் மாமாவின் பிராய்லர் கொட்டகையில் கட்டிவிட்டு வந்த, அம்மோனியா வாயு பட்டால் நிறம் மாறும் தாள்களைக் காலையில் போய்ப் பார்த்தேன். நிப்பிள் (கோழி தண்ணீர் குடிக்கும் குழாய்முனை) ஒழுகி, தரையில் பரப்பிய உமி நசநசவென்று கிடந்த மூலையில் இருந்தது மட்டும் பச்சையைத் தாண்டி நீலமாகியிருந்தது. மற்றதெல்லாம் மஞ்சள்தான். அப்படியொரு சந்தோஷம்!

முன்பு சாயமாக வைத்திருந்த சங்குப்பூச் சாற்றைக் கைவிட்டாயிற்று. நீலம் பச்சையாவது கொட்டகை வெளிச்சத்தில் தெரிவதில்லை, வெயில் பட்டால் வெளுத்தும் போகிறது. இப்போது புரோமோகிரசால் கிரீன் என்ற சாயம்: பிஎச் (அமில-கார அளவு) 3.8க்குக் கீழே மஞ்சள், 5.4க்கு மேலே நீலம். சிட்ரிக் அமிலம் துளி விட்டு மஞ்சளில் நிறுத்துகிறேன்.

உயிரை எடுத்தது ஈரம்தான். அம்மோனியா நீரில் கரைந்தால்தான் காரத்தன்மை காட்டும். நம்ம ஊர்ச் சித்திரைக் காற்றில் தாள் அப்பளமாகக் காய்ந்துவிடுகிறது, அப்புறம் எவ்வளவு வாயு வந்தாலும் அசையாது. அதற்குத்தான் கிளிசரின். 100 மில்லி கரைசலுக்கு 2 மில்லி விட்டால் மதியத்துக்குள் காய்கிறது. 10 மில்லி விட்டால் சாயம் ஓரத்துக்கு ஓடி வளையம் கட்டுகிறது, உமித்தூசியும் அப்பிக்கொள்கிறது. 5 மில்லியில் நிற்கிறது. மேலே பிளம்பர் டெஃப்லான் டேப் ஒரே ஒரு சுற்று: வாயு போகும், தண்ணீர்த் துளியும் தூசியும் போகாது.

தாளைச் சோதித்து அளவு பார்க்க 20 லிட்டர் காலித் தண்ணீர் கேன். 25 சத அம்மோனியா 1 மில்லியை 100 மில்லியாக்கி, அதில் 0.15 மில்லி, அதாவது 40 யூனிட் இன்சுலின் சிரிஞ்சில் 6 கோடு, உள்ளே விட்டால் ஏறக்குறைய 25 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு). கொஞ்சம் நீரிலும் சுவரிலும் தங்கிவிடும் என்பதால் அதை உச்சம் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் (NIOSH) வேலையாட்களுக்குச் சொல்லும் வரம்பும் 25தான். கொட்டகையிலேயே கிடப்பவர்களுக்கு மூக்கு பழகிவிடுகிறது, அவர்களுக்குத்தான் இந்தத் தாள் வேண்டும். கட்டுவது கோழியின் தலை உயரத்தில். கூரையில் கட்டிப் பிரயோசனமில்லை.

சாயம் 5 கிராம் இருந்தால் வருஷக்கணக்கில் ஓடும். ஓசூரில் ஒரு கடைக்காரர் 25 கிராமுக்குக் குறைந்து தரமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார். பங்கு போட யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

நிறத்துக்கு எதிரே பிபிஎம் எழுதிய அட்டை இன்னும் போடவில்லை. அதற்குள் மனசு பாலக்கோட்டுப் பட்டுப்புழு மனைகளுக்குப் போய்விட்டது. அங்கே கிருமி நீக்க பார்மலின் (பார்மால்டிஹைடு கரைசல்) அடிக்கிறார்கள். ஹைட்ராக்சிலமீன் ஹைட்ரோகுளோரைடு பார்மால்டிஹைடோடு சேர்ந்தால் அமிலம் வெளிவரும். இதே சாயத்தை நீலத்தில் நிறுத்தி மஞ்சளுக்கு விடலாம். ஹைட்ராக்சிலமீன் உப்பு நச்சு, கையுறை இல்லாமல் தொடக்கூடாது. நல்ல நைட்ரைல் கையுறை வந்ததும் ஆரம்பிக்கிறேன்.