மூன்று பூட்டும் ஒரு கைப்பேசியும்

ஜூன் 3, 2024, தஞ்சாவூர்

முதுகலைச் சமூகப்பணிப் படிப்புக்கான பயிற்சியை, நைரோபியில் இயங்கும் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தே செய்யத் துறையில் அனுமதி கிடைத்து, இன்று வேலை தொடங்கியது. அவர்களுக்குக் காலை பத்து மணி நமக்குப் பன்னிரண்டரை என்பதால், கூட்டம் சரியாக உலை கொதிக்கும் நேரத்தில் வருகிறது. விக்டோரியா ஏரிக்கரையில் கிசுமு வட்டாரத்தில் 'ஒமேனா' என்னும் பொடிமீனை உலர்த்தி விற்கும் பெண்களின் சேமிப்புக் குழுக்கள் கைப்பேசிச் செயலிக்கு மாறலாமா என்பதே ஆய்வு.

ஜூன் 7

கணக்கேடுகளின் படங்கள் வந்தன. தாமதமாக வந்தவருக்கும், கூட்டத்தில் கைப்பேசி ஒலிக்கவிட்டவருக்கும் அபராதம் எழுதியிருக்கிறார்கள். பணம் இருப்பது மூன்று பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டியில். சாவிகள் மூன்று உறுப்பினர்களிடம், பெட்டி நான்காமவர் வீட்டில். எல்லோரும் கூடினால்தான் திறக்கும். 1991இல் நைஜர் நாட்டின் மராடி பகுதியில் கேர் என்னும் பன்னாட்டுத் தொண்டு நிறுவனம் தொடங்கிவைத்த முறையிலிருந்து வளர்ந்த ஏற்பாடு இது.

ஜூன் 13

தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுத் திட்டம் 1989இல் தர்மபுரியில் தொடங்கியது. எங்கள் தெருக் குழுவின் ஊக்குநரான பக்கத்து வீட்டு அத்தையிடம் அந்தப் பெட்டியின் படத்தைக் காட்டினேன். "நமக்குப் பூட்டு பேங்க்ல இருக்கு பாப்பா. நான் மட்டும் போய் நின்னா பணம் தரமாட்டான், பிரதிநிதியும் கூட வந்து கையெழுத்துப் போடணும்" என்றார். தீர்மான நோட்டையும் எடுத்துக் காட்டினார். கடன் கேட்டவர் பெயருக்குக் கீழே அத்தனை பேரின் கையெழுத்தும் இருந்தன.

ஜூன் 19

கென்யாவில் எம்-பெசா என்னும் கைப்பேசிப் பணச் சேவை 2007இலிருந்து இருக்கிறது. சாதாரணக் கைப்பேசியிலேயே பணம் அனுப்பலாம். பெட்டி திருடு போகும், எண்ணி முடிக்கவே பாதி நாள் போகும் என்று எங்கள் ஒருங்கிணைப்பாளர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் இன்றைய அழைப்பில் ஒரு குழுவின் பொருளாளர், வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி, அது பெரும்பாலும் கணவர் கையில்தான் இருக்கும் என்றார். பணம் வந்த குறுஞ்செய்தியை முதலில் படிப்பவர் அவரே. பெட்டியில் கிடக்கும் பணத்தைக் கணவர் கேட்டால், கூட்ட நாள் வரை யாராலும் திறக்க முடியாது என்று அந்தப் பெண் சண்டையில்லாமல் சொல்லிவிடலாம். கைப்பேசி வந்தால் அந்தச் சாக்கு போய்விடும். வினாத்தாளில் 'கைப்பேசி உண்டா' என்று இருக்கிறது, 'யாரிடம் இருக்கும்' என்று இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லி எழுதியிருக்கிறேன்.

ஜூன் 26

நைரோபியில் நாடாளுமன்றத்துக்குள் போராட்டக்காரர்கள் புகுந்ததால் நேற்றைய கூட்டம் நடக்கவில்லை. அவர்கள் எதிர்த்த நிதி மசோதாவின் முதல் வடிவில், பணப் பரிமாற்றக் கட்டணத்தின் மீதான வரியை 15 சதவீதத்திலிருந்து 20 ஆக்கும் பிரிவும் இருந்தது. கையெழுத்திட மாட்டேன் என்று அதிபர் ரூட்டோ இன்று அறிவித்துவிட்டார். ஆனாலும், பெட்டிக்கு எந்த அரசும் வரி போட முடியாது என்ற வாக்கியத்தை அறிக்கையிலிருந்து நான் எடுக்கப்போவதில்லை.

ஜூலை 2

கணக்கு மட்டும் செயலியில், பணம் பெட்டியிலேயே என்ற என் பரிந்துரையை ஒருங்கிணைப்பாளர் பாதிதான் ஏற்றார். அத்தையின் கூட்டுக் கையெழுத்து முறை அவருக்குப் பிடித்துவிட்டது. இருவர் தத்தம் ரகசிய எண்ணை இட்டால்தான் பணம் நகரும்படி செய்ய முடியுமா என்று கேட்கிறார். செயலி செய்பவர்களுடன் வெள்ளிக்கிழமை பேச்சு. அதற்குள் தீர்மான நோட்டின் ஒரு பக்கத்தை, பெயர்களை மறைத்து, மொழிபெயர்த்து அனுப்ப வேண்டும்.