டிஎல்ஐ எண் இருந்தால் மட்டும் போதாது

2022 ஜனவரியில் கோயம்புத்தூரிலிருந்து டொராண்டோ வந்தேன். ஒன்டாரியோவில் ஒரு தனியார் கல்லூரியில் ஓராண்டு டிப்ளமா. ஏஜென்ட் அலுவலகத்தில் ஆஃபர் லெட்டரை விரித்து, ‘ஓ’ என்ற எழுத்தில் தொடங்கும், கல்லூரிக்குக் கனடா அரசு தரும் டிஎல்ஐ எண்ணுக்குக் கீழே பேனாவால் கோடு போட்டுக் காட்டினார்கள். “கனடா அரசு அங்கீகரித்த கல்லூரி. முடித்ததும் வேலை அனுமதி.” அப்பா அந்த எண்ணைத் தன் டைரியில் எழுதிக்கொண்டார். வீட்டுப் பத்திரத்தை வைத்துத்தான் கடன் வாங்கியிருந்தோம்.

ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்டில் குடியிருந்தேன். வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்து அக்கா. மார்ச்சில் வாடகை கொடுக்கப் போனபோது, தேத்தண்ணியை என் பக்கம் நகர்த்திவிட்டுக் கேட்டார்: “தங்கச்சி, அது பிரைவேட் கொலிஜ் எல்லோ? வேலை பெர்மிட் கிடைக்குமோ எண்டு வடிவாப் பாத்தனீங்களோ?”

அன்றிரவு குடிவரவுத் துறையின் இணையதளத்தில் கல்லூரிப் பட்டியலைத் திறந்தேன். கல்லூரிப் பெயர், ஊர், எண் எல்லாம் சரியாக இருந்தன. அதே வரிசையில் இன்னொரு கட்டம்: படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதிக்குத் தகுதியான படிப்புகள் உண்டா? ‘இல்லை’ என்று இருந்தது. பக்கத்தை மூடித் திறந்து மறுபடியும் பார்த்தேன். அதே ‘இல்லை’.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. டிஎல்ஐ எண் என்பது வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க அந்தக் கல்லூரிக்கு உள்ள அனுமதி, அவ்வளவுதான். வேலை அனுமதிக்கான தகுதி வேறு. தனியார் என்றாலே ஆகாது என்றும் இல்லை. மாகாணம் பட்டம் வழங்க அதிகாரம் கொடுத்திருந்தால், அந்தப் பட்டப்படிப்புக்குத் தகுதி உண்டு. என்னுடையது வெறும் டிப்ளமா.

வேறு வழியில்லாமல் செப்டம்பரில் ஓர் அரசுக் கல்லூரியில் இரண்டாண்டு டிப்ளமாவில் முதலிலிருந்து சேர்ந்தேன். பழைய இடத்தில் கட்டிய பணத்தில் பாதிகூடத் திரும்பவில்லை. அதை அப்பாவிடம் சொன்ன போன்காலை இன்னும் மறக்க முடியவில்லை. அப்போது கல்லூரி மாறினால் ஆன்லைன் கணக்கில் விவரத்தை மாற்றினால் போதும். 2024 நவம்பர் 8 முதல் புதிய படிப்பு அனுமதிக்கே விண்ணப்பிக்க வேண்டும்.

மூன்றாவது செமஸ்டரில் வேலை அதிகமாகி ஒரு பாடத்தை விட்டுவிட நினைத்தேன். ஆலோசகர் தடுத்தார். வேலை அனுமதி கிடைக்க, கடைசி செமஸ்டர் தவிர மற்றவற்றில் முழுநேர மாணவியாக இருந்தாக வேண்டும், ஒரு பாடம் குறைந்தால் பகுதிநேரம் ஆகிவிடும் என்றார். நல்லவேளை, கேட்டுவிட்டுச் செய்தேன்.

2024 ஏப்ரலில் படிப்பு முடிந்தது. முடித்ததற்கான கடிதம் வந்த நாளிலிருந்து வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க 180 நாள் அவகாசம். பாஸ்போர்ட் முடியும் தேதியைத் தாண்டி அனுமதி தரமாட்டார்கள் என்பதால் முதலில் அதைப் புதுப்பித்தேன். மதிப்பெண் பட்டியலையும் கடிதத்தையும் இணைத்து, 255 டாலர் கட்டி விண்ணப்பித்தேன். முடிவு வரும்வரை முழுநேர வேலை பார்க்க முடிந்தது. மூன்று வருட அனுமதி வந்தது.

போன மாதம் சித்தி மகன் கூப்பிட்டான். “அக்கா, காலேஜ் கிடைச்சிருச்சு, டிஎல்ஐ நம்பரும் இருக்கு.” போனை வைக்கவிடாமல் அந்தப் பட்டியலைத் திறக்கச் சொன்னேன். ‘ஆம்’ என்றுதான் இருந்தது. ஆனால் 2024 நவம்பர் 1 முதல் படிப்பு அனுமதி கேட்பவர்களுக்கு, டிப்ளமா என்றால் பாடப்பிரிவும் தகுதிப் பட்டியலில் இருக்க வேண்டும். பாடப்பிரிவைக் குறிக்கும் ஆறு இலக்க சிஐபி எண் என்ன என்று கேட்டேன். தெரியவில்லை என்றான். கல்லூரிக்கு மின்னஞ்சல் போட்டிருக்கிறான். பதில் வரும்வரை பணம் கட்டாதே என்று சொல்லியிருக்கிறேன்.