அரேகா பாமுக்கு எந்தத் தண்ணீர்?

வீட்டுக்குள் அரேகா பாம் (தொட்டியில் வளர்க்கும் ஒரு பனை வகை அழகுச் செடி) வைத்திருக்கும் நண்பர்கள் பலரும் கேட்பது ஒன்றுதான்: "இலை நுனி ஏன் பழுப்பாகிக் காயுது?" தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுகிறார்கள். பாவம் அந்தச் செடி. சென்னை வீடுகளில் பெரும்பாலும் போர் தண்ணீரின் உப்புதான் காரணம். அது மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆர்ஓ இயந்திரம் கழிக்கும் தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுவது நல்ல மனசுதான், ஆனால் அதில் உப்பு இன்னும் அதிகம். மழைத்தண்ணீர் பிடித்து வையுங்கள். ஏசியிலிருந்து சொட்டுவதும் பரவாயில்லை. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரை அடியில் வழிந்தோடும்வரை ஊற்றினால் சேர்ந்த உப்பு கரைந்து போகும். தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வேர் அழுகும்.

மடகாஸ்கரின் கிழக்குப் பகுதியில், ஈரக்காற்றில் வளர்ந்த இனம் இது. ஏசி காற்று நேராகப் படும் மூலை இதற்கு ஆகாது. காற்று வறண்டால் சிவப்புச் சிலந்திப் பூச்சி வரும். இலையின் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். உயரம் கூடிவிட்டது என்று உச்சிக் குருத்தை வெட்ட வேண்டாம். குருத்து போனால் அந்தத் தண்டு அவ்வளவுதான், பக்கக் கிளை விடாது.

அப்புறம், பூனை, நாய் வளர்ப்பவர்களுக்கு: அரேகாவால் ஆபத்தில்லை. நர்சரியில் பக்கத்திலேயே இருக்கும் சைகஸ் பார்ப்பதற்கு பாம் மாதிரி இருக்கும், ஆனால் பாம் இல்லை. அதன் விதையும் இலையும் வேரும் நஞ்சு. தயவுசெய்து அதை அவை நடமாடும் இடத்தில் வைக்காதீர்கள்.