பேச்சுக்குப் போனோம், காதைப் பார்த்தார்கள்

மகனுக்கு இரண்டு வயது முடிந்தும் ‘அம்மா’ வரவில்லை. “இவன் அப்பனே லேட்டாத்தான் பேசினான்” என்று அப்பத்தா வசம்பை உரசி நாக்கில் தடவிக்கொண்டிருந்தார்.

அங்கன்வாடிக்குப் பிள்ளைகளைப் பார்க்க வந்த டாக்டரம்மா பேச்சைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. “வேணுங்கிறதை விரல் நீட்டிக் காட்டுவானா? பேர் சொன்னா திரும்புவானா?” என்றார். தண்ணீர் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்துக் குடத்தடிக்கு இழுத்துப் போவான். விரல் நீட்டியதே இல்லை. வசம்பை நிறுத்தச் சொல்லி, மதுரை பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார்.

அங்கே முதலில் காது. காது கேட்கிறதா என்று பார்க்கிற பெரா (BERA) டெஸ்ட்டுக்குப் பிள்ளை அசையாமல் தூங்க வேண்டும். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வயர் ஒட்டுவார்கள். அதனால் ராத்திரி சரியாகத் தூங்க விடாதீர்கள், வரும்போது பஸ்ஸிலும் தூங்கக் கூடாது என்றார்கள். மேலூர் பஸ்ஸில் ஏறினாலே சொக்கிப்போகிற பிள்ளை! ஒத்தக்கடை தாண்டுவதற்குள் கையிலிருந்த முறுக்கு தீர்ந்துவிட்டது. கண்டக்டரும் விசில் ஊதிக் காட்டினார். அவ்வளவு பாடுபட்டும் அந்த அறைக்குள் போனதும் கண்ணை மூட மாட்டேனென்று ஒரே அழுகை. அப்புறம் டாக்டர் சொன்னபடி மருந்து கொடுத்துத்தான் தூங்கினான்.

காது நன்றாகக் கேட்கிறது என்றார்கள். கேட்டும் ஏன் திரும்பவில்லை என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அடுத்து, பிள்ளை பழகுவதும் பேசுவதும் வேறு மாதிரி இருக்கிற ஆட்டிசமா என்று பார்த்தார்கள். அதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எதுவும் கிடையாது. பிள்ளை விளையாடுவதைப் பார்ப்பார்கள், நம்மிடம் கேட்பார்கள். சோப்பு முட்டை ஊதிவிட்டு நிறுத்தினார்கள். இன்னும் வேண்டுமென்று அவர்கள் முகத்தைப் பார்க்காமல் டப்பாவையே பிடுங்கினான். ஆட்டிசம்தான் என்றார்கள். செல்போன் கொடுத்துக் கெடுத்தேன் என்று சொந்தக்காரர்கள் சொன்னது தனிக்கதை. செல்போன் பார்ப்பதால் ஆட்டிசம் வராது.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு ‘இசா’ (ISAA) என்று 40 கேள்விகள் கொண்ட மதிப்பீடு உண்டு. 70-க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. அந்தச் சான்றிதழுக்காகப் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள். எங்கள் ஸ்பீச் தெரபிஸ்ட் வார்த்தையிலிருந்து தொடங்கவில்லை. இரண்டு கையில் இரண்டு பண்டம், எது வேண்டுமென்று காட்டும்வரை காத்திருப்பது, அதுதான் முதல் பாடம்.

போகிறவர்கள் வீட்டில் பிள்ளை விளையாடுவதை வீடியோ எடுத்துப் போங்கள். ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் அழுகையைத் தவிர வேறெதையும் காட்ட மாட்டார்கள்.