கம்பி, கருவி, காது: ஜி.எஸ். மூன்றாம் தாளில் நான் சறுக்கிய இடம்

குடிமைப்பணித் தேர்வின் இறுதிப் பட்டியலில், கடைசிப் பக்கத்தில்தான் என்றாலும், என் பதிவெண்ணைக் கண்ட பிறகே இதை எழுதும் துணிவு வந்தது. அதன் முதன்மைத் தேர்வில் ஜி.எஸ். மூன்று எனப்படும் பொது அறிவு மூன்றாம் தாளில் வரும் உள்நாட்டுப் பாதுகாப்பு, அதிலும் தகவல்தொடர்பு வலையமைப்புகளைப் பற்றிய வினாக்களை மட்டுமே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதல் முயற்சியில் அத்தாளில் 71 வாங்கினேன். வினாவாரியாக மதிப்பெண் தருவதில்லை என்றாலும், எங்கே சறுக்கினேன் என்பது எனக்குத் தெரியும். தகவல் போர் என்ற சொல்லைக் கண்டதும் ஹேக்கிங், வைரஸ், ஃபயர்வால் என்றே விடையை நிரப்பினேன். போதாக்குறைக்கு, முக்கியத் தகவல் கட்டமைப்புகளைக் காக்கும் தேசிய மையமான என்.சி.ஐ.ஐ.பி.சி.யை மின்னணு அமைச்சகத்தின் கீழ் வைத்துவிட்டு வந்தேன். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70ஏ பிரிவின்படி 2014இல் அமைந்த அந்த மையம், தொழில்நுட்ப உளவு அமைப்பான என்.டி.ஆர்.ஓ.வின் கீழ் இயங்குகிறது. அமைச்சகத்தின் கீழ் இருப்பது 70பி பிரிவு சொல்லும் செர்ட்-இன் என்ற கணினி அவசரநிலை உதவிக் குழு. திரும்பும் பேருந்தில் குறிப்பேட்டைப் புரட்டியபோது, அந்த வரி மஞ்சள் கோடிட்டு என்னைப் பார்த்தது.

மறு ஆண்டு ஒரே தாளில் மூன்று கட்டம் போட்டு, செய்தி போகும் கம்பி, அதைக் கடத்தும் கருவி, அதைக் கேட்கும் காது என்று தலைப்பிட்டேன். என் மதிப்பெண் 104 ஆனதற்கு இதுவே காரணம் என்று நான் நம்புகிறேன், நண்பர்கள் ஒப்புக்கொள்வதில்லை.

கம்பி: சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் (இன்றைய ஸ்ரீ விஜய புரம்) பிற அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கும் 2020இல் தொடங்கிய, ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளமுள்ள கடலடிக் கேபிளைச் சொன்னால் போதும். அதை வளர்ச்சித் திட்டமாக மட்டும் எழுதாமல், காக்கப்பட வேண்டிய இலக்காகவும் எழுதுங்கள்.

கருவி: 2022 பிப்ரவரி 24 அன்று, ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்த வேளையில், சைபர் தாக்குதலால் வியாசாட் நிறுவனத்தின் செயற்கைக்கோள் இணைய மோடம்கள் செயலிழந்தன, ஜெர்மனியில் ஆயிரக்கணக்கான காற்றாலைகளின் தொலைக்கண்காணிப்பும் அதனால் அறுந்தது. 2023 டிசம்பரில் உக்ரைனின் கைப்பேசி நிறுவனமான கீவ்ஸ்டார் இதேபோல் தாக்கப்பட்டபோது சுமார் 2.4 கோடி வாடிக்கையாளர்களைக் கொண்ட வலையமைப்பு முடங்கியது. இங்கோ, 2021 ஜூன் 15 முதல், நம்பகமானவை என அரசு வரையறுத்த மூலங்களிலிருந்து மட்டுமே தொலைத்தொடர்பு நிறுவனங்கள் புதிய கருவிகளை வாங்கிப் பொருத்த வேண்டும். இந்த விதி பலருடைய விடையில் வருவதில்லை.

காது: முதல் முறை நான் முற்றிலும் விட்டது இதைத்தான். 2012 ஆகஸ்டில், தங்கள் மீது தாக்குதல் நடக்கப்போவதாகப் பொய்ப் படங்களும் குறுஞ்செய்திகளும் பரவி, வடகிழக்கு மாநிலத்தவர் பெங்களூரு, சென்னை, புனே நகரங்களிலிருந்து கூட்டங்கூட்டமாக ரயிலேறினர். எங்கள் தெருமுனை உணவகத்தில் பரிமாறிக்கொண்டிருந்த அஸ்ஸாம் அண்ணன் ஒரே இரவில் காணாமல் போனார். இரண்டு நாள் முதலாளியே இலை போட்டார். எந்தக் கணினிச் சர்வருக்குள்ளும் எவரும் ஊடுருவவில்லை, வலையமைப்பு ஒழுங்காக வேலை செய்ததால்தான் வதந்தி அவ்வளவு வேகமாகப் பரவியது. அரசு ஒரு நாளைக்கு ஐந்து குறுஞ்செய்தி என்று வரம்பிட்டது. அதை எழுதும்போது, காலவரையின்றி இணையத்தை முடக்குவது செல்லாது என்ற உச்ச நீதிமன்றத்தின் 2020ஆம் ஆண்டு அனுராதா பாசின் தீர்ப்பையும் சேர்க்காவிட்டால் விடை ஒருபக்கம் சாய்ந்துவிடும்.

இன்னும் சில:
- 10 மதிப்பெண் வினாவில் ஒரு கட்டத்துக்கு ஒரு நிகழ்வு. இரண்டு வைத்தால் நேரம் போதாது.
- டிடாஸ் (கோரிக்கைகளைக் குவித்து முடக்கும் தாக்குதல்), மால்வேர் (தீங்கு நிரல்) போன்ற சொற்களை வலிந்து தமிழாக்கி நான் இழந்த நிமிடங்கள் அதிகம்.
- பிரிவு எண்ணில் ஐயமிருந்தால் எண்ணை விட்டுவிடுங்கள்.

எனக்குக் கட்டம் போட்டால்தான் மனம் அடங்கும். கதையாகப் படித்து நினைவில் வைப்பவர்கள் 2007இல் எஸ்டோனியாவில் நடந்த சைபர் தாக்குதலிலிருந்து தொடங்கலாம். இதே தாளின் பொருளாதாரப் பகுதியைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்க வேண்டாம். அதில் இம்முறையும் இரண்டு வினாக்களை வெறுமையாகவே விட்டுவந்தேன்.